மராத்தானும் அவசரப் பிரிவும்: சின்ன திருத்தம்

மராத்தான் நாளில் ஓட்டக்காரர்கள் அவசரப் பிரிவை நிரப்பிவிடுவதால் மாரடைப்பு நோயாளிகள் அதிகம் இறக்கிறார்கள், அமெரிக்க ஆய்வே சொல்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இறப்பு கூடியது சரிதான், 30 நாளுக்குள் இறந்தவர்கள் மற்ற நாட்களில் 24.9 விழுக்காடு, மராத்தான் நாளில் 28.2. ஆனால் ஆய்வாளர்கள் சுட்டுவது சாலை மூடலை. அன்று காலை ஆம்புலன்ஸ் மருத்துவமனை சேர 4.4 நிமிடம் கூடுதலாக ஆனது. சாலை திறந்தபின் மாலையில் அந்தத் தாமதம் இல்லை. நோயாளிகளும் மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்புறுதியில் இருந்தவர்கள், அதாவது பெரும்பாலும் முதியவர்கள்.

ஆய்வு 2017 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. சுருக்கம் இணையத்தில் இலவசம். முடிவுகள் பத்தியை மட்டும் படித்தாலே போதும். அப்புறம், அது 11 அமெரிக்க நகரங்களின் கணக்கு. நம்மூர் டிசம்பர் மராத்தானுக்கு அப்படியே ஒட்டாது.