ஆர்க் கிடைக்காதது அவமானமல்ல, இகேசோயேவை இறக்கியதுதான் அவமானம்

அக்டோபர் முதல் ஞாயிறு நெருங்கினால் போதும், ஜப்பானியக் குதிரைப் பந்தய உலகத்துக்குக் காய்ச்சல் கண்டுவிடும். பாரிஸின் லோன்ஷான் மைதானத்தில் நடக்கும் ஆர்க் த ட்ரியோம்ஃப் பந்தயத்தைத்தான் சொல்கிறேன். 1969இல் ஸ்பீட் சிம்போலி என்ற குதிரை முதன்முதலாக அங்கே போனது. அன்று தொடங்கி இன்றுவரை ஜப்பானில் பயிற்சி பெற்ற ஒரு குதிரைகூட அதை வென்றதில்லை. 1999, 2010, 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் இடம் வரை வந்து நின்றுவிட்டது. 2016இலிருந்து ஜப்பானில் இருந்தபடியே இந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை வெல்லும் என்று பணம் கட்டவும் முடிகிறது. ஞாயிறு இரவு பதினோரு மணிக்கு மேல் ரசிகர்கள் கண்விழித்துப் பார்ப்பதும், திங்கள் காலை அதே புலம்பல் தொடங்குவதும் வாடிக்கையாகிவிட்டன. எங்கள் குதிரைகள் இன்னும் உலகத் தரத்துக்கு வரவில்லையோ?

இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தோற்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது வேறொன்று இருக்கிறது: தன் குதிரையை அறிந்த ஜாக்கி இகேசோயேவை ஆர்க்குக்கு முன்னால் இறக்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் தரையைப் பார்ப்போம். டோக்கியோவுக்கு மேற்கே ஃபுச்சுவில் இருக்கும் மைதானம்தான் ஜப்பானிய டெர்பியும் ஜப்பான் கப்பும் நடக்கும் இடம். இடப்பக்கமாகச் சுற்றும் தடம். கடைசி வளைவு தாண்டியதும் 525 மீட்டருக்கு நேராக விரிந்து கிடக்கும் கெட்டியான புல்தரை. 2018 ஜப்பான் கப்பில் ஆல்மண்ட் ஐ என்ற பெண் குதிரை அங்கே 2400 மீட்டரை 2 நிமிடம் 20.6 வினாடியில் ஓடி முடித்தது. அதே 2400 மீட்டரை 2012 ஆர்க்கில் வென்ற சோலேமியா எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 37 வினாடிக்கு மேல். லோன்ஷானில் மேடேறி இறங்க வேண்டும். அக்டோபர் மழையில் புல் ஊறிக் குளம்பை உள்ளே இழுக்கும். வளர்ந்த ஆண் குதிரைக்கு 59.5 கிலோ சுமை வேறு. தூரம் ஒன்றே தவிர, இரண்டும் ஒரே விளையாட்டல்ல. அந்த சோலேமியாவே அடுத்த மாதம் ஜப்பான் கப்புக்கு வந்தது. எத்தனையாவது இடம் தெரியுமா? பதின்மூன்று. அதற்காக பிரான்ஸில் யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை.

எதிர்வாதத்துக்கு இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 ஜப்பான் கப்பை பிரான்ஸிலிருந்து வந்த காலண்டகன் வென்றது. 2005இல் ஆல்கசீட் வென்ற பிறகு, இருபது ஆண்டுகளில் முதல் வெளிநாட்டு வெற்றி. அதுவும் ஆல்மண்ட் ஐயின் சாதனையை முறியடித்து, 2 நிமிடம் 20.3 வினாடியில்! நல்ல குதிரைக்கு எந்தத் தரையும் தரைதான் என்று அன்றைக்குப் பலர் எழுதினார்கள். எழுதியவர்கள் இன்னொன்றையும் சேர்த்திருக்கலாம்: காலண்டகன் காயடித்த குதிரை, அந்த ஆண்டு ஆர்க்கில் ஓட அதற்கு அனுமதியே இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஆர்க்கைத்தான் உலகத் தரத்தின் உரைகல் என்கிறார்கள்.

சரி, என் வழக்குக்கு வருகிறேன். வழக்கின் பெயர் ஓர்ஃபெவ்ர் என்ற குதிரை.

2011இல் நாடு நிலநடுக்கத்திலிருந்து மீளாத நேரம். நகாயமா மைதானம் சேதமடைந்திருந்ததால், அங்கே நடக்க வேண்டிய சாட்சுகி ஷோ ஃபுச்சுவுக்கு மாற்றப்பட்டது. அதை ஓர்ஃபெவ்ர் வென்றது. கொட்டும் மழையில், சேறான தரையில் டெர்பியை வென்றது. கியோட்டோவில் 3000 மீட்டர் கிகுகா ஷோவையும் வென்று, மூன்று வயதுக் குதிரைகளுக்கான இந்த மூன்று பெரும் பந்தயங்களின் மும்மகுடம் சூடியது. மூன்றிலும் முதுகில் இருந்தவர் ஜாக்கி இகேசோயே கெனிச்சி. இருந்தவர் என்று சும்மா சொல்லிவிட முடியாது. நீகாட்டாவில் முதல் பந்தயத்தை வென்ற கையோடு அவரைக் கீழே தள்ளியது இந்தக் குதிரை. மும்மகுடம் கைக்கு வந்த அந்த கிகுகா ஷோவிலும் கோட்டைத் தாண்டியதும் மறுபடி தள்ளிவிட்டது. சாதனை படைத்த ஜாக்கி அன்று தரையில் கிடந்தார்.

2012 மார்ச்சில் ஹன்ஷின் மைதானத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஹன்ஷின் தாய்ஷோத்தென், 3000 மீட்டர். நூறு யென் கட்டினால் நூற்றுப் பத்துதான் திரும்பக் கிடைக்கும் என்ற அளவுக்கு எல்லாரும் ஓர்ஃபெவ்ர் மேல் கட்டியிருந்தார்கள். எதிர்ப்பக்க நேர்தடத்திலேயே முன்னணிக்குப் போய்விட்டது. மூன்றாம் வளைவுக்கு முன்னால் திடீரென்று வெளிப்பக்கமாக விலகியது, வேகம் குறைந்தது, மற்ற குதிரைகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. கால் உடைந்துவிட்டது என்றே அரங்கம் நினைத்தது. குதிரைக்கு ஒன்றுமில்லை, பந்தயம் முடிந்துவிட்டதாக அது தானே தீர்மானித்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே மற்றவை ஓடுவதைப் பார்த்ததும் ரோஷம் வந்தது போல மறுபடி பாய்ந்தது. கிட்டத்தட்டக் கடைசியிலிருந்து எழுந்து வந்து, அரைக் குதிரை நீளத்தில் இரண்டாம் இடம். வென்ற குஸ்தாவ் க்ரை பெயர் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தோற்ற ஓர்ஃபெவ்ர், ஒழுங்காக ஓடுமா என்று பார்க்கும் மறுசோதனை ஓட்டத்துக்கு அனுப்பப்பட்டது. அடுத்து டென்னோ ஷோ பந்தயத்தில் பதினோராவது இடம். அதற்கடுத்து ஜூனில் தகராசுகா கினேன் பந்தயத்தில் வெற்றி.

இந்தக் குதிரையின் கிறுக்கு எப்போது தலைக்கேறும், எப்போது இறங்கும் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்றால் அது இகேசோயேவுக்குத்தான். விழுந்து விழுந்து கற்ற பாடம் அது. ஆனால் இலையுதிர் காலத்தில் பிரான்ஸுக்குப் புறப்பட்டபோது அவரை இறக்கிவிட்டு ஐரோப்பிய ஜாக்கி கிறிஸ்டோஃப் சூமியோனை ஏற்றினார்கள்.

சூமியோன் சாதாரண ஆள் இல்லை. 2003இல் தலகானி, 2008இல் சர்காவா என்று இரண்டு ஆர்க் வென்றவர். லோன்ஷானின் ஒவ்வொரு மேடும் அவருக்கு அத்துப்படி. தடத்தை அறிந்தவர் வேண்டும் என்பது அணியின் கணக்கு. காகிதத்தில் சரியான கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் குதிரை எங்கே?

2012 அக்டோபர் 7. பதினெட்டுக் குதிரைகளில் ஆக வெளியே, பதினெட்டாம் எண் தொடக்கக் கதவு. பின்னால் பொறுமையாக வந்து, நேர்தடத்தில் வெளிப்பக்கமாக விரிந்து, வழியில் இருந்த அத்தனையையும் விழுங்கியது. கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போது தனியாக முன்னால். ஜப்பானில் அந்த நொடியில் நாற்காலியில் இருந்தவர் யாரும் இல்லை. அங்கேதான் குதிரை தன் பழைய வேலையைக் காட்டியது. முன்னால் யாரும் இல்லை என்றதும் உள்வேலியை நோக்கிச் சாய்ந்தது, ஓட்டம் சுருங்கியது. ஜாக்கி பெலியே ஓட்டிய, யாரும் கணக்கில் எடுக்காத சோலேமியா கடைசி மூச்சில் எட்டிப் பிடித்து, ஒரு கழுத்து அளவில் முந்தியது. ஹன்ஷினைப் பார்த்திருந்தவர்களுக்கு அந்தச் சாய்வு புதிதல்ல. தனியாக விட்டால் இது நின்றுவிடும் என்பது ஏழு மாதங்களுக்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

இகேசோயே இருந்திருந்தால் வென்றிருக்குமா? அப்படிச் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்லை. ஹன்ஷினில் முதுகில் இருந்ததும் அவர்தானே, அன்று பிடித்து நிறுத்த முடியவில்லையே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தவறைச் செய்தவனுக்குத்தான் அடுத்த முறை எவ்வளவு தாமதமாக முன்னணிக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருக்கும். தோற்றாலும் அது நம் தோல்வியாக இருந்திருக்கும். அடுத்த ஆண்டும் சூமியோனையே ஏற்றினார்கள். ட்ரெவ் என்ற குதிரை ஐந்து நீளத்தில் வென்றது, ஓர்ஃபெவ்ர் மறுபடி இரண்டாவது. அதே பந்தயத்தில் ஜப்பானிய ஜாக்கி தாகே யுதாகா மூன்று வயது கிசுனாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

ஜப்பானிய ஜாக்கிகளுக்கு லோன்ஷான் வராது என்று யாராவது சொன்னால் எபினா மசயோஷியைக் காட்டுவேன். 1999இல் எல் கொண்டோர் பாசா மீது முன்னால் ஓடி, மோன்ஷூவிடம் அரை நீளத்தில் தோற்றவர். 2010இல் நகாயமா ஃபெஸ்டா மீது, வொர்க்ஃபோர்ஸிடம் ஒரு தலை அளவில் தோற்றவர். நான்கு இரண்டாமிடங்களில் இரண்டு அவருடையவை. பாவம், ஜப்பானிய டெர்பியும் அவருக்கு வாய்க்கவில்லை. 2012இல் ஃபெனோமெனோ மீது ஒரு மூக்கு நுனியில் போயிற்று. 2021இல் அவர் சேணத்தைக் கழற்றிப் பயிற்சியாளரானார்.

2013 டிசம்பர் 22, நகாயமா, அரிமா கினேன். 1956இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரைகள் ஓட வேண்டும் என்று ரசிகர்கள் வாக்களிக்கிறார்கள். ஆண்டு முழுக்க ஒரு நாளும் பணம் கட்டாதவர்கள்கூட அன்று கட்டுவார்கள். 2500 மீட்டர்; பார்வையாளர் அரங்கத்தை இரண்டு முறை கடக்கும்; நேர்தடம் 310 மீட்டர்தான், அதன் முடிவில் செங்குத்தான ஏற்றம். பின்னாலிருந்து வரும் குதிரைக்கு ஆகாத தடம். ஓர்ஃபெவ்ருக்கு அதுதான் கடைசி ஓட்டம். முதுகில் மறுபடி இகேசோயே.

மூன்றாம் வளைவில் அவர் கையை அசைத்ததாகவே தெரியவில்லை. குதிரை வெளிப்பக்கமாகத் தானே நகர்ந்து மேலேறியது. நேர்தடத்துக்குள் நுழையும்போதே முன்னணி. இங்கேயும் தனியாகத்தான் விடப்பட்டது. ஆனால் சாயவில்லை, நிற்கவில்லை. ஏற்றத்தில் இடைவெளி விரிந்துகொண்டே போய், இரண்டாவதாக வந்த வின் வேரியேஷனுக்கும் அதற்கும் எட்டு நீளம். மற்றவர்கள் வேறொரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த எட்டு நீளத்தைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

இதை 'உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர்' சண்டையாக யாரும் படிக்க வேண்டாம். ஜாக்கி லெமேர் பிரெஞ்சுக்காரர், ஜாக்கி மிர்கோ டெமூரோ இத்தாலியர். இருவரும் தேர்வெழுதித் தேறி 2015இல் ஜப்பானின் முழு நேர உரிமம் பெற்றார்கள். 2023இல் எக்வினாக்ஸ் என்ற குதிரை மீது டென்னோ ஷோவை 1 நிமிடம் 55.2 வினாடியில் முடித்த லெமேரை வெளியாள் என்று ஃபுச்சுவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். எக்வினாக்ஸை அறிந்தவர் அவர்தான். அந்தக் குதிரையை ஆர்க்குக்கு அனுப்பவில்லை, துபாய்க்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டு உலகின் முதல் குதிரையாக மதிப்பிடப்பட்டது. என் பேச்சு குதிரையை அறிந்தவனைப் பற்றியது, பாஸ்போர்ட்டைப் பற்றியதல்ல.

இதை நிரூபிக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது. யாஹாகி யோஷிதோ என்ற பயிற்சியாளர், எப்போதும் தொப்பியோடு இருப்பாரே, அவர்தான் நிரூபித்தார். அவருடைய லாயத்தில் வளர்ந்த ஜாக்கி சாகாய் ரியுசேயைத் தொடக்கம் முதலே ஃபாரெவர் யங் என்ற குதிரை மீது ஏற்றினார். 2024 கென்டக்கி டெர்பியில் மூன்று குதிரைகள் ஒன்றாகக் கோட்டைத் தொட்டன. ஃபாரெவர் யங்குக்கு மூன்றாம் இடம். அந்த ஆண்டு ப்ரீடர்ஸ் கப் கிளாசிக்கிலும் மூன்றாம் இடம். அமெரிக்க மண் தடத்துக்கு அமெரிக்க ஜாக்கி வேண்டும் என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடைக்காது. யாஹாகி ஆளை மாற்றவில்லை. 2025இல் சவூதி கப்பில் ரொமான்டிக் வாரியரிடம் முன்னணியை இழந்து, கடைசி அடிகளில் மீட்டு வென்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 1, டெல் மார் மைதானம், ப்ரீடர்ஸ் கப் கிளாசிக்: சியரா லியோனை அரை நீளத்தில் முந்தி முதலிடம். அமெரிக்காவின் தலையாய பந்தயத்தை ஜப்பானியக் குதிரை வென்றது அதுவே முதல் முறை. கென்டக்கியிலும் முந்தைய கிளாசிக்கிலும் தோற்ற அதே சாகாய்தான் மேலே இருந்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஆர்க்கில் டெர்பி வீரன் குருவா டு நோர் பதினான்காவதாக வந்தது. அதற்கு அழுத கண்ணீரில் பாதிகூட டெல் மாருக்கு ஆனந்தக் கண்ணீராக வரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஓர்ஃபெவ்ரின் பிள்ளைகள் என்ன செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் மார்ஷ் லொரேன் 2021இல் ப்ரீடர்ஸ் கப் டிஸ்டாஃப் வென்றாள். மகன் உஷ்பா தெசோரோ 2023இல் துபாய் உலகக் கோப்பை வென்றான். இரண்டுமே மண் தடம். லோன்ஷான் புல்லில் தகப்பன் விட்டதை எண்ணிக் குமைந்துகொண்டிருந்தவர்கள், பிள்ளைகள் வேறு திசையில் ஓடிப் போனதைக் கவனிக்கவே நேரமாயிற்று.

அடுத்த அக்டோபரிலும் போகத்தான் போகிறார்கள். தாகே யுதாகா 1994இலிருந்து அந்தப் பந்தயத்தைத் துரத்துகிறார். அவர் ஆசையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. போகட்டும். ஆனால் லாயத்துக் கதவை மூடிப் பயணத்துக்குக் கிளம்பும்போது, அந்தக் குதிரையால் கீழே தள்ளப்பட்டவன் எவனோ அவனையே கூட்டிக்கொண்டு போகட்டும்.