டர்ட் பைக் ரேஸில் 25 வயது வரம்பு இல்லை

தம்பி, டர்ட் பைக் ரேஸில் 25 வயது தாண்டினால் ஓட்ட விடமாட்டார்கள், அதனால்தான் எல்லோரும் சீக்கிரம் விலகுகிறார்கள் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நம் ராமநாதபுரம் பையன்கள் பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். அப்படி விதி இல்லை. உலக மோட்டோகிராஸில், அதாவது மேடு பள்ளமான மண் பாதையில் நடக்கும் டர்ட் பைக் உலகப் போட்டியில், எம்எக்ஸ்2 என்ற பிரிவுக்கு மட்டும் 23 வயது வரம்பு உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அதைத் தாண்டியவர்கள் பெரிய பிரிவான எம்எக்ஸ்ஜிபிக்குப் போகலாம். இத்தாலி வீரர் அன்டோனியோ கைரோலி 2021இல், 36 வயதிலும் அதில் ஓட்டினார்.

சீக்கிரம் விலக வைப்பது பெரும்பாலும் உடம்புதான். அரியமான் கடற்கரை மணலில் பைக் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்திலேயே முன்கை இறுகி, கிளட்ச் பிடிக்க விரல் மடங்காது. இந்த ரேஸ் வீரர்களோ சுமார் நூறு கிலோ வண்டியில் பெரும்பாலும் நின்றபடியே அரை மணி நேரம் ஓட்டுகிறார்கள், ஒரே நாளில் இரண்டு முறை. பலர் நாலைந்து வயதிலேயே தொடங்கியவர்கள். 25க்குள் எத்தனை எலும்பு முறிவு, தலையில் எத்தனை அடி! அமெரிக்க வீரர் ரயன் வில்லபோட்டோ 2015இல் இத்தாலியில் விழுந்து அடிபட்டார். அதே ஆண்டு 26 வயதில் விலகினார்.

சரிபார்க்க, உலக பைக் போட்டிகளுக்கு விதி வகுக்கும் எஃப்ஐஎம் அமைப்பின் விதிப்புத்தகத்தை இணையத்தில் எடுத்து, வயது பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். அப்புறம் எம்எக்ஸ்ஜிபி முடிவுப் பட்டியலில் உள்ளவர்களின் பிறந்த ஆண்டையும் பாருங்கள்.