சாவி யாரிடம் இருந்தது?

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் வெள்ளம் வந்தபோது, முகாம் என்று சொன்ன பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததைப் படம் எடுத்துப் போட்டு, சாவி யாரிடம் என்று கேட்டிருந்தேன். அந்தப் படத்தையும் அதன் கீழே வந்த கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"அமெரிக்காவிலேயே சைரன் அடிக்கலையாம், காட்பாடியில வந்து கேக்குறியே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குச் சிரித்தவர்களில் என் கூடப் படித்தவர்களும் இருக்கிறார்கள். சரி, அந்தக் கதையையே பேசுவோம். 2025 மே 16 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தை டொர்னாடோ என்கிற சுழல்காற்று தாக்கியபோது நகரத்தின் சைரன்கள் ஒலிக்கவில்லை, உண்மைதான். வானிலை மையம் எச்சரித்துவிட்டது, ஆனால் பொத்தானை அழுத்த வேண்டிய அலுவலகத்து ஆட்கள் வேறு இடத்தில் பயிலரங்கில் இருந்தார்கள். அப்புறம் நடந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள்? பொறுப்பு அதிகாரியை விடுப்பில் அனுப்பினார்கள், சைரனைத் தீயணைப்புத் துறையிடம் ஒப்படைத்தார்கள். பொத்தான் யார் கையில் என்று அந்த ஊர் கேட்டது. சாவி யார் கையில் என்று நான் கேட்டால் ஏன் கசக்கிறது?

வெள்ளிக்கிழமை சாயங்காலமே போனில் செய்தி வந்தது, மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை என்று. அந்த ஓரிரு இடத்தில் எங்கள் தெரு உண்டா, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே போக வேண்டும், ஒன்றும் இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு ஏரி கோடி போய்த் தெருவில் முழங்கால் தண்ணீர். முகாம் என்று சொல்லியிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினால் பூட்டு. சாவி வைத்திருப்பவர் வீடு முப்பது கிலோமீட்டர் தள்ளி. அவரை நான் குறை சொல்லவில்லை, அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

"சொன்னா மட்டும் ஜனங்க கேக்குறாங்களா?" என்று இன்னொரு கருத்து. இதில் பாதி நியாயம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது, மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த நாங்கள் பாலத்துக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனோம். நானும் போனேன், மகளைத் தோளில் வைத்துக்கொண்டு. 2011இல் அதே அமெரிக்காவில் ஜாப்லின் என்ற ஊரில் 150க்கும் மேற்பட்டவர்கள் செத்த டொர்னாடோவுக்குச் சைரன் ஒலித்தது, ஆனால் அடிக்கடி கேட்டுப் பழகியதால் நிறையப் பேர் முதல் சத்தத்துக்கு அசையவில்லை. அது ஜனங்களுடைய திமிர் இல்லை. பத்து முறை பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பதினோராவது முறை யார் எழுந்திருப்பார்கள்?

எங்கள் ஆயாவும் அந்த நவம்பரில் வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டது. எண்பத்து நாலு வயது. திட்டினோம், கெஞ்சினோம். கடைசியில் என் மனைவியைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டது: "அங்க ஒண்ணுக்குப் போக எடம் இருக்கா?" அவ்வளவுதான் அதன் பயம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் தானாகக் கதவைத் திறந்துவிட்டார், கக்கூசும் இருந்தது. அந்த மாதம் 19ஆம் தேதி விடிகாலையில் பேரணாம்பட்டில் ஒரு வீடு இடிந்து 9 பேர் செத்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். அந்தச் செய்தியைப் படித்தபோது நாங்கள் மண்டபத்துத் தரையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு இன்றைக்கும் தூறல் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடுகிறது.

எந்தக் கட்சிக்காரன் என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

ஆயா இப்போது இல்லை. இந்த வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் எதிர்வீட்டு அம்மாவை வைத்துத் தூக்கிக்கொண்டு அந்தப் பூட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் மழையில் நின்றோம். அந்தப் படத்துக்குத்தான் சிரித்தீர்கள்.

மழைக்காலம் இன்னும் முடியவில்லை. நாளைக்குக் காலையில் தெருக்காரர்கள் பத்துப் பேர் மனு கொடுக்கப் போகிறோம். மாற்றுச் சாவி ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்க வேண்டும், கக்கூஸ் கதவுக்கும் சேர்த்து. வருபவர்கள் ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட வாசலுக்கு வாருங்கள்.