பாட்டிமார் காலத்திலேயே ஓட்டினார்கள்

"நம் பாட்டிமார் காலத்தில் பெண்கள் பந்தயக் காரைத் தொட்டதே இல்லை, ஃபார்முலா ஒன்னில் முதலில் ஓட்டிய பெண் 1975இல் லெல்லா லொம்பார்டி" என்று ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு பிழைகள் உள்ளன. நேப்பிள்ஸில் 1926இல் பிறந்த மரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ், 1958ஆம் ஆண்டு பெல்ஜியம் கிராண்ட் பிரீ என்ற ஃபார்முலா ஒன் பந்தயத்தில் மாசெராட்டி 250எஃப் காரை ஓட்டிப் பத்தாவதாக வந்தார். கடைசி இடம்தான், ஆனால் பலரின் கார்கள் பாதியில் நின்றுபோன பந்தயம் அது. என் பாட்டியும் ஏறக்குறைய அவர் வயதினர்தான் என்பதால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. டி ஃபிலிப்பிஸுக்கும் முன்பே, 1929இல், பிரான்சின் எல்லே நீஸ் மோன்லெரி ஓடுதளத்தில் பெண்களுக்கான கிராண்ட் பிரீயை வென்றிருந்தார்.

லொம்பார்டியின் பெருமை வேறு: ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன் பட்டப் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் அவர்தான். 1975இல் பார்சிலோனாவின் மொஞ்சுயிக் சாலைகளில் நடந்த, அவர் புள்ளி பெற்ற அப்பந்தயம், ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்ததால் 29 சுற்றுகளோடு நிறுத்தப்பட, ஆறாம் இடத்துக்குரிய ஒரு புள்ளி பாதியாகி, அவர் கணக்கில் அரைப் புள்ளியாகவே பதிவாயிற்று.