சைக்காலஜியா, கம்ப்யூட்டரா?

அக்கா மகள் போன வாரம் ராத்திரி பத்தரைக்கு போன் பண்ணினாள். விண்ணப்பம் போட இரண்டு நாள்தான் பாக்கி. "மாமா, எனக்குப் பிடிச்சது சைக்காலஜி. அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் போடணும்கிறார். நீங்களே சொல்லுங்க." முடிவை என் தலையில் கட்டப் பார்க்கிறாள்.

அவள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படித்து முடித்த கையோடு சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடுகள் உண்டு. கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளையிடம் போய், 'மனசுக்குப் பிடிச்சதைப் படி, பணம் தானா வரும்' என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அந்தத் தவணையை அவர்களா கட்டப்போகிறார்கள்?

ஆனால் ஒரு படிப்புக்கு மவுசு இருக்கிறதா என்று நாம் பார்ப்பது இன்றைக்கு. பிள்ளை வேலை தேடுவதோ நாலு வருஷம் கழித்து. 2012இல் பெட்ரோலியம் என்ஜினியரிங் சேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அப்போது கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரை ஒட்டி விற்றது. அவர்கள் பட்டம் வாங்க வேண்டிய 2016இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போய்விட்டது. கம்பெனிகள் இருந்த ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அதே 2016இல்தான் ஜெஃப்ரி ஹிண்டன், இனிமேல் ரேடியாலஜிஸ்டுகளை உருவாக்குவதையே நிறுத்திவிடலாம், அந்த வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார். ஸ்கேன் பார்த்துச் சொல்ல இன்னும் டாக்டர்கள் தேவைப்படுகிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கே பெரியவர் அவர். அவர் கணக்கே தப்பியது. (அவர் கேம்பிரிட்ஜில் 1970இல் வாங்கிய பட்டம் எதில் தெரியுமா? சைக்காலஜியில். இதை அவள் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.)

சரி, 'பிடிச்சிருக்கு' என்பதை மட்டும் அப்படியே நம்பலாமா? பதினேழு வயதில் பிடித்த பாடம் என்பது பல சமயம் பிடித்த டீச்சர்தான். எனக்கு வேதியியல் பிடித்திருந்ததாக நினைத்தேன். மார்க் நன்றாக வந்தது, அவ்வளவுதான். கல்லூரி லேபில் பியூரெட்டின் முன்னால் நின்று, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறக் காத்திருந்தபோதுதான் அது புரிந்தது. ஒவ்வொரு முறையும் அவசரப்பட்டு அரை மில்லி கூடுதலாக விட்டுவிடுவேன்.

அதனால் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "பாடத்திட்டத்தைத் திற. முதல் வருஷம் வேண்டாம், அது எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். மூணாவது செமஸ்டரைப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாமா, புள்ளியியல்னு போட்டிருக்கு!"

மனிதர்களைப் பற்றிய படிப்பு என்றுதான் நினைத்திருந்தாள். அவர்களைப் பற்றி ஒரு வரி உறுதியாகச் சொல்வதற்கு முன்னால் திட்ட விலக்கம் எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. எந்தப் படிப்பிலும் இப்படி அலுப்புத் தட்டுகிற பாதி ஒன்று உண்டு. "அதிலிருந்து நாலு கணக்கு போட்டுப் பாரு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு போட்டோ வந்திருந்தது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்க அடித்தல் திருத்தல். கீழே எழுதியிருந்தாள்: "மூணு சரி. நாலாவது எங்க தப்புன்னு தெரியல, அதான் இன்னும் தூங்கல."