பேக்கிங்

மாமா: தூண்டில் ரீல் செத்துப்போச்சு மாப்ள. கைப்பிடியைச் சுத்துறேன், சுத்துறேன், ஒரு சாண் நூல் உள்ள வரமாட்டேங்குது.

மாப்ள: மீன் இருக்கா இன்னும்?

மாமா: அது எப்பவோ போயிடுச்சு. அவசரமே இல்லாமப் போச்சு. அதான் வயித்தெரிச்சல்.

மாப்ள: அது போயிட்டிருந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

மாமா: ட்ராக்கை, அதான் ரீலோட பிரேக் குமிழை, இறுக்கினேன்.

மாப்ள: நின்னுச்சா?

மாமா: இல்ல. அதனால இன்னும் இறுக்கினேன்.

மாப்ள: அப்புறம்?

மாமா: அதுக்கு மேல இறுக்க இடமில்ல மாப்ள. இருந்தா விட்டிருப்பேனா?

மாப்ள: மீன் இழுக்கும்போது ரீல்லேருந்து 'கிர்ர்'னு சத்தம் வந்துச்சா?

மாமா: மூச்! ஒரு சத்தம் இல்ல. உயர்ந்த ரீல்லாச்சே.

மாப்ள: சத்தம் வரலைன்னா ஸ்பூல், அதான் நூல் சுத்தியிருக்கிற உருளை, அசையவே இல்லைன்னு அர்த்தம். அது நின்ன இடத்துல நிக்குது, நூல்கட்டு மட்டும் அதுமேல வழுக்கிச் சுத்துது. ஒல்லிக் கையில பெரிய வளையல் மாட்டின மாதிரி. இங்க கட்டைவிரலை வெச்சுத் தள்ளிப் பாருங்க.

மாமா: அட, சுத்துதே! ட்ராக்கை இறுக்கினா நின்னுடுமா?

மாப்ள: ட்ராக் பிடிக்கிறது ஸ்பூலை. ஸ்பூல்தான் ஏற்கெனவே நின்னுட்டிருக்கே. பேக்கிங் இல்லாம சுத்திட்டீங்களா மாமா?

மாமா: பேக்கிங் இல்லாமத்தான் சுத்தினேன். பின்ன, அட்டைப்பெட்டியோடயா சுத்துவாங்க?

மாப்ள: அந்த பேக்கிங் இல்ல. அடியில வர்ற பேக்கிங்.

மாமா: அடியில வெச்சிருந்த அட்டையையும் எடுத்துட்டேன். எல்லாம் பத்திரமா வீட்டுல பரண்மேல இருக்கு. நான் எதையும் தூக்கிப் போடுற ஆள் இல்ல.

மாப்ள: அட்டையில எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?

மாமா: படிக்காமலா? 40 பவுண்டு!

மாப்ள: அதுக்குக் கீழ?

மாமா: கீழ எல்லாம் பொடி எழுத்து. 40 எவ்ளோ பெரிசு தெரியுமா? கண்ணாடி போடாமலே தெரிஞ்சுது.

மாப்ள: மாமா, இந்த பிரெய்டு, அதான் பின்னல் நூல், பாலித்தீன் ரகம். கேரி பேக்குக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். எடைக்கு எடை வெச்சா எஃகைவிட வலு, ஆனா சரியான வழுக்கல். வெறும் ஸ்பூல்மேல நேரா சுத்தினா பிடிமானம் கிடையாது. சில ஸ்பூல்ல அதுக்காகவே ரப்பர் பட்டை ஒட்டி வரும். உங்களதுல இல்ல. அப்போ முதல்ல பத்துப் பதினஞ்சு சுத்து தங்கூசி, அதான் ஒத்தை இழை நைலான் நூல், சுத்தணும். அது ஸ்பூலை நல்லா கவ்விக்கும். அதோட நுனியில பிரெய்டை முடிபோட்டு மேல சுத்தணும். அந்தத் தங்கூசிக்குத்தான் பேர் பேக்கிங்.

மாமா: இவ்ளோ ஒசத்தி நூலுக்கு அடியில நம்ம பழைய தங்கூசியா? பட்டுப்புடவைக்கு உள்ள கிழிஞ்ச பாவாடை மாதிரி?

மாப்ள: புடவை நிக்கிறதே பாவாடையிலதானே மாமா?

மாமா: ...

மாப்ள: என்ன?

மாமா: இதை முதல்லயே 'பாவாடை'ன்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? பேக்கிங்காம் பேக்கிங்.

மாப்ள: சரி, அது என்ன ஸ்பூலுக்குள்ள குருவிக்கூடு?

மாமா: நேத்து வீசினப்போ மொத்தமா கொத்தா கிளம்பி வந்துச்சு. ட்ராக்கை இறுக்கினேன்.

மாப்ள: இதுக்குப் பேர் விண்ட் நாட், காத்து முடிச்சு.

மாமா: நேத்து ஒரு இலை அசையல மாப்ள. காத்து எங்கேருந்து வந்துச்சு?

மாப்ள: பேர்லதான் காத்து. முக்கால்வாசி நம்ம கை பண்ற வேலை. வீசி முடிச்சதும் பெயிலை, அதான் நூலைப் பிடிக்கிற கம்பி வளைவை, எப்படி மூடுறீங்க?

மாமா: கைப்பிடியை ஒரு சுத்து. 'டக்'குனு ஒரு சத்தம் வரும் பாரு, அதுக்காகவே நூறு தடவை வீசலாம்.

மாப்ள: கையால மூடி, நூலை ஒருதரம் இழுத்து விட்டுட்டு அப்புறம் சுத்துங்க. இல்லேன்னா தொளதொளன்னு ஒரு வளையம் உள்ள உக்காந்துக்கும். அடுத்த வீச்சுல அது கூட்டத்தையே கூட்டிட்டு வரும். விளிம்பு வரைக்கும் வேற ரொப்பி வெச்சிருக்கீங்க. 2, 3 மில்லிமீட்டராவது இடம் விடணும்.

மாமா: 150 மீட்டர் காசு கொடுத்து வாங்கிட்டு இடம் விடுறதா?

மாப்ள: விரல்ல என்ன கட்டு?

மாமா: முள் கல்லுல மாட்டிக்கிச்சு. நூலைக் கையில சுத்தி இழுத்தேன்.

மாப்ள: இந்த நூலையா? கையிலயா?

மாமா: அறவே இல்ல மாப்ள! என்ன தரம்!

மாப்ள: விரல் அறுந்துச்சே மாமா. குச்சியில சுத்தி இழுக்கணும் அதை. இழுவைக்குத்தான் பிரெய்டு ராஜா, கல்லுல உரசினா பிசிறிடும். அதுக்குத்தான் நுனியில ஒரு மீட்டராவது லீடர்னு உரசல் தாங்குற ஃப்ளோரோகார்பன் நூல் கட்டுறது. தண்ணியிலயும் அவ்வளவாத் தெரியாது.

மாமா: ஓ, முந்தானை.

மாப்ள: ...ஆமா மாமா, முந்தானை. முடிச்சுப் போட்டா எச்சில் தொட்டு இறுக்குங்க. காய்ஞ்ச நூலை இறுக்கினா உரசுற சூட்டுலயே பலம் போயிடும்.

மாமா: இறுக்கணும்னு நீயே சொல்ற பாத்தியா!

மாப்ள: முடிச்சை மாமா. முடிச்சை மட்டும். சரி, 40 பவுண்டு வாங்கினீங்களே, இங்க எந்த மீனுக்கு?

மாமா: 40 பவுண்டுன்னா 18 கிலோவாச்சே, அப்படி ஒரு மீனு மாட்டினா?

மாப்ள: அது மீனோட எடை இல்ல, நூல் அறுந்துபோற எடை. ஓடுற மீனை ட்ராக் விட்டுக் கொடுத்துதான் களைக்க வைக்கணும். உங்க கம்புலயும் ஒண்ணு எழுதியிருக்கே, கைப்பிடிக்கு மேல, பாத்தீங்களா?

மாமா: டிசைன்னு நினைச்சேன்.

மாப்ள: 6 முதல் 12 பவுண்டு. இதுல 40 பவுண்டைப் போட்டு ட்ராக்கையும் முழுசா இறுக்கினா, அறுந்துபோக வேண்டிய நூல் அறாது. அதுக்குப் பதிலா கம்பு முறியும், இல்ல முள் நிமிரும், இல்ல மீனோட வாய் கிழியும். தங்கூசியாவது இழுத்தா நீளும், நம்ம அவசரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கும். இது நீளறதே இல்லைன்னு சொல்லலாம். இங்க வெடுக்குனு இழுத்தா அங்கயும் அதே வெடுக்கு. அதனால ட்ராக்கைத் தளர்த்தி வைங்க.

மாமா: என்னத்த வைக்க?

மாப்ள: தளர்த்தி.

(மாமா ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல அக்கம்பக்கம் பார்த்தார். ட்ராக் குமிழ் இடப்பக்கமும் திரும்பும் என்பதை அறியாமலேயே கரையில் வயதாகிப்போனவர்கள் நிறையப் பேர்.)

மாமா: சரி, சிக்கை வெட்டி எறிவோம். பல்லால கடிச்சேன், பல்லுதான் ஆடுது.

மாப்ள: இந்தாங்க கத்தரிக்கோல்.

(வெட்டினார். ஒரு கைப்பிடி நூலைச் சுருட்டி, கோரைப்புல் பக்கம் வீசினார். அன்றைய வீச்சுகளில் அதுதான் நெடுந்தூரம் போனது.)

மாப்ள: எடுங்க அதை.

மாமா: நூல்தானே மாப்ள, மக்கிடும்.

மாப்ள: மக்காது. கேரி பேக்குக்கு அண்ணன்னு சொன்னேன்ல? போன மாசம் அதே கோரையில ஒரு நாரை ஒத்தைக் கால்ல நின்னுச்சு. நாரைன்னா அப்படித்தான் நிக்கும்பீங்க. இன்னொரு கால்ல நூல் சுத்தியிருந்துச்சு மாமா. நல்ல தரமான நூல். அறவே இல்ல.

(மாமா பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். திரும்பி வந்தபோது சட்டைப்பை புடைத்திருந்தது. தாம் வீசியதோடு யாரோ வீசிய இரண்டு கொத்தும்.)

மாமா: அந்த பேக்கிங்கைக் கொண்டு வந்திருக்கலாம் மாப்ள. இதையெல்லாம் போட.

மாப்ள: நூலை இந்த ஈரத்துணியால அழுத்திப் பிடிங்க. நான் சுத்துறேன். தொளதொளன்னு ஏறினா மறுபடி குருவிக்கூடுதான்.

மாமா: பாவாடை ஆச்சா?

மாப்ள: ஆச்சு.

மாமா: புடவை?

மாப்ள: ஏறிட்டிருக்கு. விளிம்புக்கு முன்னாடி நிறுத்திடுவேன், திட்டக்கூடாது.

மாமா: முந்தானையையும் கட்டிடு. அப்புறம் ஒரே ஒரு...

மாப்ள: மாமா, கை.

மாமா: சும்மா தொட்டுப் பாக்குறேன்.

மாப்ள: எந்தப் பக்கம் திருப்புறீங்க?

மாமா: தெரிஞ்ச பக்கம்தான்.