'மோர்ஓவர்' போட்டால் பத்தி சேர்ந்துவிடுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்கி வருகிறேன். ஃபெஞ்சல் புயலைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, ஒரு மாணவி தந்த தாளின் சாரம் இது: 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது. மோர்ஓவர், சாத்தனூர் அணை திறக்கப்பட்டது. ஃபர்தர்மோர், தென்பெண்ணை பெருகிக் கடலூரில் வெள்ளம் புகுந்தது.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனாலும், கரையைக் கடந்த பின் உள்மாவட்டங்களில் கொட்டிய மழையால் அணைக்கு நீர்வரத்து ஏறியது, அதனால் திறந்துவிட்டார்கள், அந்தத் தண்ணீர்தான் நம் வாசல் வரை வந்தது என்கிற காரணத் தொடர்ச்சி அந்தப் பத்தியில் எங்குமே இல்லை. 'மேலும்' என்று கூட்டிச் சொல்லும் சொல், காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். 'லிங்க்கர்' (இணைப்புச் சொல்) என்ற பெயரில் கட்டம் போட்ட பட்டியலைக் கொடுத்து, பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைத்தவர்கள் நாம்தான் (நானும் சில ஆண்டுகள் அதையே செய்தேன்). ஒரே கட்டத்தில் இருக்கும் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போடலாம் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். 'ஆன் தி அதர் ஹேண்ட்' இரண்டு பக்கத்தையும் உண்மையென ஒப்புக்கொண்டு எதிரெதிரே வைக்கும்; 'ஆன் தி கான்ட்ரரி' முன்னர் சொன்னதையே மறுக்கும். பட்டியலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள்.

இதைத் தமிழிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. 'உம்' என்ற ஓர் இடைச்சொல்லுக்கே எட்டுப் பொருள் வகுத்த தொல்காப்பியம் நம்முடையது. 'அவன் வந்தான்', 'அவனும் வந்தான்', 'அவன்கூட வந்தான்' ஆகியவற்றின் வேறுபாட்டைப் பள்ளிக்குப் போகாத பிள்ளையும் உணரும். அந்த உணர்வை ஆங்கிலத்துக்கு எடுத்துச் செல்லும்போது இடறும் இடங்களையும் காட்டிவிட வேண்டும். 'ஏனென்றால் மழை பெய்தது' என்பது தமிழில் தனி வாக்கியமாக நிற்கும்; அதே பழக்கத்தில் 'பிகாஸ்' என்று தொடங்கி முற்றுப்புள்ளி வைத்தால், எழுத்து ஆங்கிலத்தில் அது அரை வாக்கியமாகத் தொங்கும். 'பெய்தாலும்' என்று வினையின் வாலில் நாம் வைப்பதை ஆங்கிலம் 'ஆல்தோ' என்று தலையில் வைக்கிறது. அது போதாதென்று நடுவில் ஒரு 'பட்' சேர்ப்பவர்கள் என் வகுப்பில் பாதிப்பேர்.

இப்போது நான் செய்வது இதுதான். எழுதிய பத்தியில் உள்ள இணைப்புச் சொற்களை எல்லாம் அடிக்கச் சொல்கிறேன். வாக்கியங்களுக்கு இடையே என்ன உறவு என்பதை ஓரத்தில் தமிழில் 'அதனால்', 'இருந்தாலும்', 'அதாவது' என்று குறித்த பிறகே ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். பல இடங்களில் சொல்லே தேவைப்படுவதில்லை. வரிசை சரியாக இருந்தால் வாக்கியங்கள் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன.

அந்த மாணவி திருப்பி எழுதியபோது மூன்று வாக்கியங்கள் இரண்டாயின. 'ஆஸ் எ ரிசல்ட்' ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் வெள்ளத்துக்கு முன்னால். இரண்டு முழு வாக்கியங்களுக்கு இடையே வரும் 'ஹவ்எவர்' என்பதற்கு முன் காற்புள்ளி போதாது, அரைப்புள்ளியோ முற்றுப்புள்ளியோ வேண்டும் என்பதை மட்டும் இன்னும் அவர்களிடம் நிலைநிறுத்த முடியவில்லை.